ஒருவேளை சார் போட்ட இத்தாலித் திட்டம்

உலகத்தில் இதுவரை நடக்காத விபத்துகள், இனிமேலும் நடக்க வாய்ப்பே இல்லாத விபத்துகள், இவை அத்தனையிலும் சிக்கி உயிர் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் ஒருவேளை சார்தான். எல்லாமே மனசுக்குள் நடந்தவை. நிஜத்தில் அவர் சைக்கிளில் இருந்துகூட விழுந்தது கிடையாது. விழுந்துவிடுவோம் என்று சைக்கிளே கற்றுக்கொள்ளவில்லை.

ராமநாதபுரத்தில் எங்கள் ஆபீசில் அவருக்கு அடுத்த சீட்டு எனக்கு. பரமக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வரும். மற்றபடி அதிகாரி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஒருவேளை சார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவருடைய முதல் வார்த்தை அதுதான். "ஒருவேளை சாம்பார் சாதம் கெட்டுப்போச்சுன்னா?" என்று தயிர் சாதம் தனியாக வரும். "ஒருவேளை தயிரு புளிச்சுப்போச்சுன்னா?" என்று இட்லி தனியாக வரும். பேருதான் ஒருவேளை, தூக்கிட்டு வாரது மூணு வேளைக்கு என்று நான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "நீ சிரிப்பம்மா. ஒருநா டிபன் பாக்ஸ பஸ்ல விட்டுட்டு வருவ, அன்னைக்குத் தெரியும்" என்பார். விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்த இட்லியை நான்தான் சாப்பிட்டேன்.

இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். பழைய பாம்பன் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரியும் என்பதால், "ஒருவேளை நம்ம போகையில பிரிஞ்சுச்சுன்னா?" என்று பஸ்ஸில்தான் போவார். புதுப் பாலம் வந்தது. "சார், இது பிரியாது. நடுப்பாகம் அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும்" என்று நான் ஆறுதல் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒருவேளை நம்ம ரயிலோட சேத்துத் தூக்கிட்டான்னா?" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கடவுள் யாரைக் கொண்டுவந்து சேர்த்தார் தெரியுமா? பூகோள டீச்சரை. சண்முகவல்லி டீச்சர் திருப்புல்லாணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். ஒருவேளை சாரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, குச்சியால் ஒவ்வொரு நாடாகத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மா, தட்டிய ஒரு நாட்டையும் பார்த்ததில்லை. நாடு என்ன நாடு, கொடைக்கானலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கொடைக்கானல் கிளம்பினார்களாம். வத்தலக்குண்டில் டிரைவர் கொட்டாவி விட்டதை சார் பார்த்துவிட்டார். மலை ஏறும் முன்னாலேயே டீச்சரைக் கையைப் பிடித்து இறக்கி, அடுத்த பஸ்ஸில் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். மைசூர் டிக்கெட்டைக் கிளம்புகிற அன்றைக்குப் பல்லி கத்தியது என்று ரத்து செய்தார். அந்தமான் பேச்சு வந்தபோது, "தீவும்மா அது. நாலு பக்கமும் தண்ணி. ஒருவேளை ஓடணும்னா எங்கிட்டு ஓடுறது?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

சார் ரிடையர் ஆனார். ஆனாலும் தினமும் ஆபீசுக்கு வந்து பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ஒருவேளை என்னையத் தேடுனாங்கன்னா?" யாரும் தேடவில்லை. நான் மட்டும் அவர் வராத நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

போன வருஷம் டீச்சரும் ரிடையர் ஆனார். அதற்கடுத்த வாரம் ஒருநாள் சார் வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏம்மா, டீச்சர் என்னையக் கேக்காம டிக்கெட் எடுத்துட்டாம்மா."

"கொடைக்கானலுக்கா சார்?"

"இத்தாலிக்கு."

நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன். டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "'காலணி வடிவில் உள்ள நாடு எது'ன்னு வருசா வருசம் ஒத்த மார்க்குக்குக் கேட்டுக் கேட்டே என் தலை நரைச்சுப்போச்சு. அந்தக் காலணிக்குள்ள ஒரு தடவ கால வச்சுப் பாக்கணும். நான் போறேன். வந்தா வாங்க, வராட்டி வீட்டப் பாத்துக்கங்க." சொல்லி முடித்துவிட்டு சார் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

இந்தத் தடவையும் அந்த அம்மாவை வத்தலக்குண்டில் இறக்கிவிடுவாரா, மாட்டாரா? எங்கள் ஆபீசுக்கே அதுதான் கவலை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதை ஒளிப்பானேன்.

டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாவற்றையும் மதுரையில் ஒரு ஏஜெண்ட் பார்த்துக்கொண்டார். மிச்சமிருக்கிற கவலைகளை சார் எடுத்துக்கொண்டார். நான் ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போய் வந்தவள். அந்த ஒரு பாவத்துக்காக என்னை வெளிநாட்டு விவகார ஆலோசகர் ஆக்கிவிட்டார்.

முதல் வெடி ஹோட்டலில் வெடித்தது. ஏஜெண்ட் அனுப்பிய விவரத்தை செல்போனில் காட்டி, "இவன் ஏமாத்துறாம்மா" என்றார் சார். ரோமில் ஒரு ஹோட்டல், வெனிஸில் ஒரு ஹோட்டல் என்று போட்டிருந்தது. "காலையில, மத்தியானம், ராத்திரின்னு மூணு வேளையும் ஒரே ஹோட்டல்லயா திங்கிறது? சரி, திங்கிறோம்னே வையி. தூங்குறது எங்கன? லாட்ஜே போடலயே இவன்!" எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நம் ஊரில் ஹோட்டல் என்றால் இலை போடுகிற இடம், லாட்ஜ் என்றால் பாய் போடுகிற இடம். ஏஜெண்டுக்கே போன் போட்டு, "ஏன்யா, எங்களயென்ன டேபிள் மேல படுக்கச் சொல்றியா?" என்று சண்டையும் போட்டு முடித்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். ஹோட்டல் என்றால் அங்கே படுக்கிற இடம்தான் சார், பயப்படாதீங்க. அவர் பயம் இரட்டிப்பானது.

"அப்ப சாப்பாடு?"

"வெளியதான் சாப்பிடணும் சார்."

"வெளியன்னா? தெருவுலயா?"

வெனிஸ் படத்தைக் காட்டினேன். வீட்டு வாசலில் தண்ணீர், அதில் படகு. பார்த்துவிட்டு, "கீழ்வீடு வேணாம்னு சொல்லிரும்மா, ஒருவேளை தண்ணி உள்ள வந்துச்சுன்னா?" என்றார். மாடி என்றேன். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா?" சாரின் செல்போனில் லைனில் இருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் அங்கிருந்தே கத்தினார். "ஏங்க, இங்கன குடத்தோட லாரித் தண்ணிக்குத் தெருவுல நிக்கிறோம். அங்கன தெருவே தண்ணியாக் கெடக்கு. நாலு நாள் அதப் பாத்துட்டு வாரேன், விடுங்க!"

அடுத்து சாப்பாடு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், ஊறுகாய் என்று ஒரு பெட்டி நிறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். கருவாடு இல்லாமல் அவருக்கு ஒரு வாரம் ஓடாது. விமான நிலையத்தில் மோப்ப நாய் இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாய் கண்டுபிடிக்குமா என்று எப்படிச் சோதிப்பது? எங்கள் ஆபீசில் நாய் கிடையாது, பூனை உண்டு. சார் நெத்திலிக் கருவாட்டை ஏழெட்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஒட்டி, துணியில் சுற்றி, என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் காலை நான் வந்தபோது அந்தப் பூனை, அதன் சம்சாரம், குட்டிகள், நான் இதுவரை பார்த்தே இராத உறவுமுறைகள் எல்லாம் என் மேஜையைச் சுற்றிப் பந்திக்கு உட்கார்ந்திருந்தன. ஃபைல் கட்டுகளில் இன்றைக்கும் அந்த வாசம் போகவில்லை. "நல்லதாப் போச்சு, இங்கனயே தெரிஞ்சுச்சு" என்று சார் திருப்தியாகக் கருவாட்டைக் கைவிட்டார்.

பாஸ்தாவை முள்கரண்டியால் சாப்பிடப் பழக வேண்டுமே. ஒரு வாரம் வீட்டில் இடியாப்பத்தை முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். சார் ஈறில் குத்திக்கொண்டார். டீச்சருக்கு நன்றாக வந்துவிட்டது.

காபிதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. இத்தாலியில் நின்றுகொண்டே குடிப்பார்கள், சின்னக் கோப்பை, கசக்கும் என்று படம் காட்டினேன். சார் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இம்புட்டுக்காண்டா? பிள்ளைக்கு மருந்து ஊத்துற சங்குலகூட இதவிட ஜாஸ்தி ஊத்துவோம்!" டீச்சருக்குக் காலையில் பால் காபி ஒரு பெரிய டம்ளர் போகாவிட்டால் தலைவலி வந்துவிடும். அதுதான் சார் கவலை. எங்கேயோ விசாரித்து, பால் காபிக்கு அங்கே லாட்டே என்று பெயர் எனக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். நானும் ஆமாம் என்றேன். சென்னையில் நானே அப்படிக் கேட்டுக் குடித்திருக்கிறேனே. நான்கு நாள் டீச்சரை, "எங்க, சொல்லு பாப்பம்? லாட்டே!" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்ல வைத்தார்.

கடைசியாகச் செருப்பு. ரோம் நகரத் தெருவெல்லாம் கல் பாவியிருக்கும், நடந்து நடந்துதான் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதிலிருந்து சாருக்குத் தூக்கம் போனது. "செருப்பு கடிச்சுச்சுன்னா மொத்தப் பயணமும் போச்சும்மா. கால்ல கொப்புளத்தோட எங்கிட்டு நடப்பா?" தனக்கும் டீச்சருக்கும் புது ஷூ வாங்கினார். புதுசு கடிக்கும், பழக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் நடை. மண்ணில் நடந்து பார்த்தார். சேதுக்கரைக் கடற்கரையில் நடந்து பார்த்தார். உத்தரகோசமங்கையில் அவருக்கு வயல் இருக்கிறது, அந்த வரப்பில் ஷூவோடு நடந்தார். "என்னண்ணே, மிலிட்டரியில சேந்துட்டீகளா?" என்று நாற்று நட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் ரோமில் கல் இருக்கிறதே, கல்லில் நடக்கவில்லையே என்று ஒரு குறை அவருக்கு. வீட்டுக்குப் பக்கத்தில் ரோடு போடக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, அந்தக் குவியல் மேல் ஏறி ரோமாபுரி வீதியில் உலா போனார்.

ஆயுளில் ஒரு தடவைகூட விழாத மனிதர் அன்றைக்கு விழுந்தார். வலது கால் முறிந்தது.

சேதி கேட்டு ஓடினேன். முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டுக் கட்டிலில் கிடந்தார். டீச்சர் சுவரோரம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, திட்டவும் இல்லை.

"அந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டு ரத்து பண்ணச் சொல்லும்மா" என்றார் டீச்சர். "நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்."

நான் செல்போனை எடுத்தேன்.

"யாரக் கேட்டு ரத்து பண்றீங்க?" என்று கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "நீ போ டீச்சர்."

"தனியாவா? நல்லாருக்கே! உங்கள யாரு பாக்கிறது?"

"ஊருல இருந்து தம்பி வந்து இருந்துக்கிருவான். நீ போயிட்டு வா." மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். "நானும் கூட வந்திருந்தா உன்னைய அங்கன எதப் பாக்க விட்டுருப்பேன், சொல்லு? கால் ஒடஞ்சதுல ஒரே நல்லது இதுதான்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இது நம்ம ஒருவேளை சார்தானா, இல்லை மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லையா என்று எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் உடனே தீர்ந்தது. "ஆனா ஒண்ணு" என்றார். அங்கே எது கைமீறிப் போனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வா என்று சொன்னால் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும். தேதி மாற்றிக்கொள்கிற டிக்கெட்தான், ஏஜெண்டிடம் கேட்டுவிட்டார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். டீச்சர் சொன்ன சொல் மாறாதவர். அதனால்தான் எனக்கு அந்தச் சத்தியம் பிடிக்கவில்லை. வத்தலக்குண்டில் இறக்கியது போல இந்தத் தடவையும் இறக்கிவிட இப்போதே வழி செய்துவைத்துவிட்டாரே மனிதர் என்று நினைத்தேன்.

மதுரை விமான நிலையத்துக்குக் காரின் பின்சீட்டில் மாவுக்கட்டை நீட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில் வைத்தே உபதேசம். "பக்கத்துச் சீட்டுக்காரங்ககிட்டப் பேசாத. ஒரேயடியாப் பேசாமலும் இருக்காத. தூங்கு, ஆனா அசந்து தூங்கிராத." டீச்சர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். "அங்கன சர்ச்சுக்குப் போவ. சாமி எந்தச் சாமியா இருந்தாலும் கோயில் கோயில்தான். செருப்போட உள்ள போயிராத, வெளிநாட்டுல தப்பாயிரும்." ஓரியூர்ச் சர்ச்சிலும் வேளாங்கண்ணியிலும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம். நானும், "ஆமா டீச்சர்" என்று சேர்ந்து தலையாட்டினேன்.

டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். திரும்புகையில் கார் பரமக்குடி தாண்டும் வரை சார் செல்போனையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என் ஊரில் இறங்காமல் அவரோடு ராமநாதபுரம் வரைக்கும் போனேன்.

அதிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டில்தான் நான். அங்கே அப்போது மத்தியானம். டீச்சர் வீடியோவில் வருவார். முதல் நாளே லாட்டே கவிழ்த்துவிட்டது.

"ஏங்க, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே தெளிவாக் கேட்டேன். ஒரு கிளாஸ் நெறைய வெறும் பாலக் குடுத்துட்டான்! வெள்ளையா, ஆறிப்போயி."

"பதறாத. டிகாஷன் தனியாத் தருவான், கேட்டு வாங்கு."

"கேட்டேன். அவன் சீனியத் தாரான்."

பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர்ப் பாஷையில் லாட்டே என்றாலே பால்தானாம். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலைவலி வந்ததா என்று கேட்டார். வரவில்லையாம். அந்தச் சங்கு காபியையே வாங்கிக் குடித்துப் பார்த்தாராம், கசப்புதான், ஆனால் நல்லாயிருக்கிறதாம். பருப்புப்பொடிப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை என்பதை டீச்சர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி கொண்டுவந்து வைக்கிற தட்டு அப்படியே ஆறிக் கிடக்கும். போன் மணி அடித்தால் பதறுவார், அடிக்காவிட்டால் அதைவிடப் பதறுவார். அவரோடு இருந்து இருந்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பஸ்ஸில் போகையில் டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆபீஸ் லீவு என்று நான் மத்தியானமே போயிருந்தேன், வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே போன் வந்தது. டீச்சர் முகம் ஒரு மாதிரி இருந்தது. பின்னால் பெரிய பெரிய தூண்கள்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணும் பயப்படாதீங்க. மறைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கீங்க, அதான் சொல்றேன். சர்ச்சுக்குப் போனேன். வாசப்படி ஓரமா ஷூவ ஜோடியா அழகா விட்டுட்டுத்தான் உள்ள போனேன். டோக்கன் எங்கன்னு கேட்டேன், அந்தக் காவக்காரனுக்கு ஒண்ணும் வெளங்கல. வெளிய வந்து பாக்குறேன், ஷூவக் காணோம். இங்கன எல்லாரும் செருப்போடதான் உள்ள போறாங்க. எடுப்பாரில்லாமக் கெடக்குன்னு எவனோ கூட்டி அள்ளிட்டுப் போயிட்டான்."

சார் எழுந்திரிக்கப் பார்த்தார். மாவுக்கட்டு விடவில்லை. கட்டில்தான் கிரீச்சிட்டது. எத்தனை மாதத்துத் திட்டம்! எந்தக் கவலைக்காகக் காலையே முறித்துக்கொண்டாரோ அந்த ஷூ, அவர் சொன்ன புத்தியைக் கேட்டதாலேயே போய்விட்டது. "வெறுங்காலோடயா நிக்கிற? கண்ணாடி கிண்ணாடி கெடக்கும்! அசையாத! அங்கனயே நில்லு!"

"நிக்கிறேன்." டீச்சர் செல்போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். "சொல்லுங்க. வரவா?"

கேட்ட விதத்தில் கோபமில்லை, நையாண்டியும் இல்லை. வா என்றால் அந்த அம்மா வந்துவிடுவார். இன்னும் வெனிஸ் பார்க்கவில்லை. சொல்லிராதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிராதீங்க என்று மனசுக்குள் கும்பிட்டேன். சாரின் உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்து ஊற்றியது. வாயில் வந்த வார்த்தையை அவர் விழுங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பக்கத்துல..." என்று நிறுத்தி, "பக்கத்துல செருப்புக் கடை ஏதும் இருக்கா டீச்சர்?" என்றார்.

டீச்சர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "செருப்புக் கடையா? எதுத்தாப்புல ஒண்ணு. அதுக்கு அடுத்தது ஒண்ணு. அங்கன பாருங்க, தெருக்கோடி வரைக்கும் செருப்புக் கடைதான்! காலணி நாட்டுல நின்னுக்கிட்டு கேக்குறாரு பாரு கேள்வி!" போனை வைத்துவிட்டார்.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் என் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். சார் சாமி படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி மணி அடித்தபோது திரையில் முகம் வரவில்லை, கால் வந்தது. சிவப்பு நிறத்தில் மெத்தென்று ஒரு செருப்பு, பின்பக்கம் வார் வைத்து. டீச்சர் பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

"கடிக்குதா?" சார் கேட்ட முதல் கேள்வி.

"கடிக்கல." டீச்சர் விரல் அந்த வாரைத் தடவியது. "ஏங்க, ஒண்ணு சொல்லட்டா? கடக்காரப் பொண்ணு என் கால அளந்து பாத்துக் குடுத்தா. கல்யாணமானதுல இருந்து எனக்கு நீங்கதான் செருப்பு வாங்குறீங்க. கால் வீங்குனாலும் வீங்கும்னு எப்பவும் ஒரு நம்பர் பெரிசாத்தான் வாங்குவீங்க. இன்னைக்குத்தான் என் கால் அளவுக்கு ஒரு செருப்புப் போடுறேன்."

சார் அந்தச் சிவப்புச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை.

"அப்ப அதையே போட்டுக்க" என்றார் கடைசியில். "போட்டுக்கிட்டு நல்லா சுத்திட்டு வா. நான் சாப்புடப் போறேன்."

போனை வைத்ததும் ஆறிப்போன தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. "ஏம்மா, இத்தன வருசமா அவ ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா அளவா ஒண்ணு, பெரிசா ஒண்ணு, சிறிசா ஒண்ணுன்னு மூணு ஜோடி வாங்கிட்டு வந்து நின்னுருப்பீங்க சார்."

சிரித்தார். சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு ஆடி வலித்து, "யாத்தாடி" என்று காலைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

"ஏம்மா, நில்லு. கதவு மூலையில குடை இருக்கு, எடுத்துட்டுப் போ. மழ வந்தாலும் வரும்."

ராமநாதபுரத்தில், புரட்டாசி வெயிலில், மேகம் என்று ஒரு பொட்டு கிடையாது. வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் பத்து வார்த்தை பேசியிருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். குடையை எடுத்து விரித்து, பஸ் ஸ்டாண்டு வரை பிடித்துக்கொண்டே போனேன்.